பழத்தோட்டத்தில் பிறந்த பட்டறை

ஹெலிகாப்டர் வரலாற்றில் கோப்பைகளும் பட்டங்களும் பெரும்பாலும் விமானிகளுக்கே போயிருக்கின்றன. கார்ல் ஆகருக்கு 1950-ஆம் ஆண்டின் மெக்கீ கோப்பை கிடைத்தது. கனடா விமானத்துறையின் பெரிய கௌரவம் அது. மலை இடுக்குகளில் ஹெலிகாப்டரை எப்படி ஓட்டுவது என்று மற்ற நாட்டு விமானிகளுக்கும் பாடம் எடுத்தவர், முழுத் தகுதியும் உள்ளவர். ஆனால், அவருடைய ஹெலிகாப்டரை ஒவ்வொரு காலையும் பறக்கத் தகுந்ததாக ஆக்கிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ஆல்ஃப் ஸ்ட்ரிங்கர், மெக்கானிக். இந்த வாரக் கதை அவருடைய ஸ்பேனரிலிருந்து தொடங்குகிறது.

இரண்டாம் உலகப் போரில் கனடா விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்த ஆகர், போர் முடிந்ததும் பார்னி பென்ட், ஸ்ட்ரிங்கர் இருவரோடும் சேர்ந்து ஒரு சிறு விமான நிறுவனம் நடத்தினார். ஊர், பிரிட்டிஷ் கொலம்பியாவின் பென்டிக்டன். ஒகநாகன் பள்ளத்தாக்கில், ஏரியை ஒட்டி ஆப்பிளும் பீச்சும் விளைகிற பூமி. ஒகநாகன் ஏர் சர்வீசஸ் என்று நிறுவனத்துக்குப் பெயர் வைத்தார்கள். தோட்டங்களுக்கு மருந்தடிக்க ஹெலிகாப்டர் வாங்கலாம் என்று யோசனை பிறந்தது. உள்ளூர்க்காரர்களிடம் பணம் திரட்டி, 1947-ல் ஒரு பெல் 47 வாங்கினார்கள். அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்பாட்டுக்கென்று ஒரு ஹெலிகாப்டருக்கு முதன்முதலில் சான்றிதழ் கிடைத்ததே முந்தைய ஆண்டு மார்ச்சில்தான். அதுவும் இதே ரகத்துக்கு. அனுபவசாலி என்று யாரும் இல்லாத தொழில். அமெரிக்காவின் யாக்கிமா நகருக்குப் போய் ஆகர் ஓட்டக் கற்றார், ஸ்ட்ரிங்கர் பராமரிக்கக் கற்றார்.

மருந்தடிப்பில் எதிர்பார்த்த காசு வரவில்லை. மலை கைகொடுத்தது. 1948-ல் மாகாண அரசின் நில அளவைக் குழுவை மலை உச்சிகளில் இறக்கிவிடும் வேலை கிடைத்தது. காற்று மெலிந்த உயரத்தில் அந்தச் சின்ன எஞ்சின் திணறும். பகல் வெளிச்சம் இருக்கும்வரை ஆகர் பறப்பார். இறங்கிய பிறகுதான் மெக்கானிக்கின் நாள் தொடங்கும். காட்டு முகாமில் விளக்கு வெளிச்சத்தில் எண்ணெய் மாற்றி, கிரீஸ் வைத்து, ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்து, மறுநாள் விடியலுக்குள் தயாராக்க வேண்டும்.

அந்தக் காலத்து மெக்கானிக்குகள் செய்த ஒரு வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். சுழலும் இறக்கைகள் இரண்டும் ஒரே தளத்தில் சுற்றவில்லையென்றால் ஹெலிகாப்டர் முழுக்க உதறும். அதைச் சரிபார்க்க, ஒரு இறக்கை நுனியில் சிவப்பும் இன்னொன்றில் நீலமும் பூசுவார்கள். எஞ்சினை ஓடவிட்டு, கித்தான் துணி கட்டிய நீண்ட கம்பு ஒன்றை, சுழலும் நுனிகள் லேசாக உரசும்வரை மெல்லச் சாய்ப்பார்கள். துணியில் இரண்டு நிறமும் ஒரே இடத்தில் பதிந்தால் சரி. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயும் விழுந்தால், எஞ்சினை நிறுத்தி இறக்கையின் கோணத்தை இம்மி திருத்தி, மறுபடி முதலிலிருந்து. சைக்கிள் கடையில் ரிம்முக்குக் கோட்டம் எடுப்பதைப் போன்ற வேலைதான். கை தவறினால் விலை வேறு. கம்பைப் பிடித்து நின்ற அந்த ஆட்களின் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பதில்லை என்பது எனக்கு உண்மையாகவே வருத்தம்.

1951-ல் தொடங்கிய கெமானோ - கிட்டிமாட் அலுமினியத் திட்டம் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது. மலையைக் குடைந்து மின் நிலையம், பனிக் கணவாய்களைத் தாண்டி மின் கம்பிகள். சாலையே இல்லாத இடங்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் ஹெலிகாப்டர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தன. ஒகநாகன் ஹெலிகாப்டர்ஸ் என்று பெயர் மாறி, வான்கூவரில் நிலைகொண்டு, உலகின் பெரிய ஹெலிகாப்டர் நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. கூடவே பட்டறையும் வளர்ந்தது. ஹெலிகாப்டரின் முக்கிய பாகங்கள் பலவற்றுக்கும் ஆயுள் கணக்கு உண்டு. இத்தனை மணி நேரம் பறந்தால் கழற்றி ஓவர்ஹால் செய்ய வேண்டும், அத்தனை மணி ஆனால் நன்றாக இருந்தாலும் தூக்கி எறிய வேண்டும். பாகம் ஒரு ஹெலிகாப்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் அதன் பதிவேடும் கூடவே போகும். இந்தக் கணக்கைப் பிசகாமல் வைத்திருப்பதே தனித் தொழிலாகிவிட்டது.

1987-ல் நியூஃபவுண்ட்லாந்தின் கிரெய்க் டாபின் ஒகநாகனை வாங்கி, வேறு சில நிறுவனங்களோடு இணைத்து சிஎச்சி குழுமத்தை உருவாக்கினார். பட்டறைப் பிரிவு ஆக்ரோ ஏரோஸ்பேஸ் ஆனது. 1998-ல் அதைப் பிரித்து வெக்டர் ஏரோஸ்பேஸ் என்ற புது நிறுவனத்துக்குள் வைத்தார்கள். 2011-ல் யூரோகாப்டர் வாங்கியது. 2017-ல் ஸ்டாண்டர்டு ஏரோவிடம் போனது. பட்டறையைக் கைகழுவிய சிஎச்சியோ, பிற்பாடு ஹெலி-ஒன் என்ற பெயரில் இன்னொரு பராமரிப்பு நிறுவனத்தை நடத்த வேண்டி வந்தது. விற்றது தப்புக் கணக்கு என்றே நான் நினைக்கிறேன்.

இன்று கம்பும் கித்தானும் இல்லை. அதிர்வை அளக்கக் கருவிகள் இருக்கின்றன. கியர் பாக்ஸ் எண்ணெயில் ஒரு காந்தம் இருக்கும். பல் தேய்ந்து இரும்புத் துகள் உதிர்ந்தால் அதில் ஒட்டி, விமானிக்கு முன்னால் விளக்கு எரியும். 2016 ஏப்ரல் 29 அன்று நார்வேயின் துரோய் தீவருகே, எண்ணெய்த் துரப்பண மேடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சிஎச்சி ஹெலிகாப்டரில் அந்த விளக்கு எரியவில்லை. நடுவானில் ரோட்டார் தனியே கழன்றது. இருந்த 13 பேரும் இறந்தார்கள். கியர் பாக்ஸுக்குள் ஒரு சிறு பற்சக்கரம், துகள் அதிகம் உதிர்க்காமல் உள்ளுக்குள்ளேயே விரிசல் விட்டு உடைந்திருந்தது. முந்தைய ஆண்டு அந்த கியர் பாக்ஸ் லாரியில் போகும்போது விபத்தில் சிக்கி, பழுதுபார்த்துத் திரும்பியது என்பதும் தெரியவந்தது. அந்த விசாரணை, அடுத்த வாரம்.

(தொடரும்)