மானுக்கென்று விதைத்த வயல்

மானிடமிருந்து விளைச்சலைக் காப்பது உழவின் பழைய கவலை. மானுக்கென்றே விதைப்பது, அதுவும் சுடுவதற்காக விதைப்பது, அமெரிக்க நாட்டுப்புறத்தின் பிற்கால வழக்கம்.

இறைச்சிக்கும் தோலுக்குமாக நடந்த சந்தை வேட்டையால், 1900 வாக்கில் அங்கே வெண்வால் மான்கள் ஐந்து இலட்சத்துக்கும் குறைவாகிவிட்டன என்பது பொதுவான கணிப்பு. 1933இல் ஆல்டோ லியோபோல்ட் தம் 'கேம் மேனேஜ்மென்ட்' நூலில், காட்டுயிரை அழித்த கோடரி, கலப்பை, மாடு, நெருப்பு, துப்பாக்கி ஆகியவற்றைக் கொண்டே அதை மீட்கலாம் என்றார். 1937ஆம் ஆண்டின் பிட்மன்–ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கி, தோட்டா மீதான வரியைக் காட்டுயிர்ப் பணிக்குத் திருப்பியது. இன்று அம்மான்கள் ஏறத்தாழ மூன்று கோடி.

நம் கதைக்கு உரியது கலப்பைதான். நிலம் வைத்திருப்போர் காட்டோரத்தில் ஓர் ஏக்கரோ இரண்டோ திருத்தி, கோடையில் தட்டைப்பயறும் (ஆப்பிரிக்காவிலிருந்து அடிமை வணிகக் காலத்தில் வந்த பயறு அது), குளிருக்கு ஓட்ஸ், குளோவர், டர்னிப் முதலியனவும் விதைக்கிறார்கள். அறுவடை கிடையாது. ஓரத்தில் ஒரு பரண் உண்டு. நம் தினைப்புனத்துப் பரண் விலங்கை விரட்ட, இது காத்திருந்து சுட.

2002இல் விஸ்கான்சின் மான்களிடம் மூளையைச் சிதைக்கும் தீராநோய் கண்டறியப்பட்டதை அடுத்து, மக்காச்சோளத்தைக் கொட்டி மானை ஈர்ப்பதற்கு அம்மாநிலம் தடை விதித்தது. விதைத்த பயிருக்கு விதிக்கவில்லை. கொட்டினால் இரை, முளைத்தால் வேளாண்மை! ஒரே குவியலில் பல வாய்கள் படுவதுதான் பெரும் ஆபத்து என்பது நியாயமே. ஆயினும் அந்நோயின் புரதம் மண்ணில் ஆண்டுக்கணக்கில் அழியாமல் கிடக்கக்கூடியது. மான்கள் நாள்தோறும் கூடி மேயும் வயலைச் சட்டம் விட்டுவைத்தது எனக்கு ஒப்பவில்லை.