கொதிக்கும் வண்டியும் சலவை சோடாவும்

1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கணவரிடம் சொல்லாமல் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு மோட்டார் வண்டியில் கிளம்பினார். வழியெல்லாம் தண்ணீருக்குப் பாடுதான்! ரேடியேட்டர் இல்லாத அந்த இன்ஜினில் தண்ணீர் ஆவியாகித்தான் சூட்டைத் தணித்தது.

1901 மெர்சிடஸில் பொறியாளர் மேபாக்கின் தேன்கூடு ரேடியேட்டர் வந்தது: 8,070 சிறு குழாய்கள்.

ஃபோர்டு மாடல் டி-யில், தொடக்கத்தில் வந்த கொஞ்ச வண்டிகள் தவிர, வாட்டர் பம்ப் கிடையாது. சுடுநீர் தானே மேலேறும், ஆறியது கீழிறங்கும். தண்ணீரின் உப்பு உள்ளே படிந்தால் ஓட்டம் மந்தமாகி, வண்டி கொதிக்கும். அதனால் உரிமையாளர்களே சலவை சோடாவைக் கரைத்து ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டு, துருநீரை வடித்தார்கள். பிறகு ஹோஸ் வைத்து, கீழிருந்து மேலாக நீர் பாய்ச்சி அலசினார்கள்.

ரேடியேட்டர் ஒழுகலை அடைக்க ஆளிவிதை மாவு போட்டவர்களும் உண்டு. ஓட்டையோடு நல்ல குழாய்களும் சேர்ந்து அடைபட்டதுதான் வேடிக்கை.