சுமாகோ: வழிச்சத்திரங்களை மீட்ட மலைக்கிராமம்

யப்பான் நாட்டின் நடுவே, நகானோ மாகாணத்துக் கீசோப் பள்ளத்தாக்கிலே, சுமாகோ என்றொரு சிற்றூர் உளது. ஒரே தெரு, அதன் இருமருங்கும் பழைய மரவீடுகள், சூழ மலையும் காடும். பற்பல நாட்டு மக்கள் இன்று அவ்வூரை நாடிச் சென்று, அங்குள்ள பழைய சத்திரங்களில் ஓரிரவேனும் தங்கி மீள்கின்றனர். அச்சத்திரங்கள் எவ்வாறு எழுந்தன, எவ்வாறு பாழடைந்தன, யார் கையால் மீண்டன என்பதை நம் இளைஞர் அறிந்துகொள்வது நன்று.

1600ஆம் ஆண்டுப் போரில் வென்ற தொக்குகாவா இயேயாசு, எடோவை நாட்டின் மற்றைப் பகுதிகளுடன் இணைக்கும் பெருவழிகளை ஒழுங்குபடுத்தினார். அவற்றுள் ஒன்று நகாசெந்தோ. எடோவையும் கியோத்தோவையும் மலைநாட்டினூடாக இணைத்த இவ்வழி ஏறக்குறைய 330 மைல் நீளமுடையது. இதில் 69 தங்கல் ஊர்கள் இருந்தன. எடோவிலிருந்து எண்ணி வரின் சுமாகோ 42ஆவது. சிற்றரசர் யாவரும் முறைவைத்து எடோவுக்கு வந்து தங்கவேண்டுமென்பது 1635இல் சட்டமாயிற்று. ஆகவே வாளேந்திய வீரரும் பல்லக்கும் பொதிகுதிரைகளுமாக இம்மலைவழி ஓயாது இயங்கியது.

தங்குமிடத்திலும் படிநிலை இருந்தது. சிற்றரசர்க்கு 'ஹொஞ்சின்' என்னும் பெருமனை. அது நிரம்பினால் 'வாக்கி ஹொஞ்சின்' என்னும் துணைமனை. சாதாரண வழிப்போக்கர்க்கு உணவளிக்கும் விடுதிகள். கைப்பொருள் குறைந்தோர்க்கு 'கிச்சின்யாதோ'. அரிசியைத் தாமே கொண்டுவந்து, விறகுக்கு மட்டும் காசு கொடுத்து, தாமே சமைத்துண்டு, பலரோடு ஒரே அறையிற் படுத்தெழுவர். நம்மவர் மடம் போல அறத்துக்கு நடந்ததன்று. எனினும் ஏழைக்கும் ஒரு கூரை இருந்தது.

இப்பழமையைப் பொற்காலமென்று எண்ணி மயங்குதல் ஆகாது. கீசோவழி ஊர் ஒவ்வொன்றும் அரச பணிக்கென 25 ஆட்களையும் 25 குதிரைகளையும் எந்நேரமும் ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். போதாதவிடத்துச் சுற்றுக்கிராமத்து உழவர், நாற்றுநடும் காலமாயினும் வயலை விட்டுவந்து பொதி சுமக்கவேண்டும். 1861இல் பேரரசரின் தங்கை கசுனோமியா இளவரசி சோகன் இயேமோச்சியை மணக்க இவ்வழியே சென்றபொழுது, ஆயிரக்கணக்கானோர் கொண்ட அவ்வூர்வலத்தின் பாரம் இம்மலைமக்கள் தலையிலேயே விழுந்தது. காடு கண்முன் நின்றும் அவர்க்கு உரியதன்று. ஹினோக்கி முதலிய ஐவகை மரங்களை வெட்டலாகாதென்று ஒவாரி அரசு தடுத்திருந்தது. 'மரமொன்றுக்குத் தலையொன்று' என்பது அக்காலத்து வழக்கு. இன்று பயணிகள் வியந்து நோக்கும் சுமாகோவின் துணைமனை, அத்தடை நீங்கியபின் 1877இல் ஹினோக்கி மரத்தால் மீளக் கட்டப்பட்டது என்பதை நினைக்கும்போது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி உண்டாகின்றது.

மெய்ஜி ஆட்சியில் தங்கல்முறை ஒழிந்தது. 1911இல் முற்றுப்பெற்ற புகையிரதப் பாதை கீசோ ஆற்றை ஒட்டிச் சென்று சுமாகோவை ஒதுக்கிவிட்டது. ஹொஞ்சின் இடிக்கப்பட்டது. அயலூரான மகோமேயின் ஹொஞ்சின் குடும்பத்திற் பிறந்தவரே எழுத்தாளர் ஷிமசாக்கி தோசொன். இவர் தாயார் பிறந்தகம் சுமாகோ ஹொஞ்சின். இக்குடும்பங்களின் வீழ்ச்சியையே 'விடியலுக்கு முன்' என்ற தம் நாவலுக்குப் பொருளாக்கினார். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இளைஞர் பிழைப்புத் தேடி நகருக்குச் சென்றனர், வீடுகள் சாய்ந்தன. அவற்றை இடித்துப் புதிதாகக் கட்டவும் பணமில்லை. வறுமையே அத்தெருவைக் காத்து வைத்தது எனலாம்.

1968இல், மெய்ஜி நூற்றாண்டையொட்டி, மாகாண அரசின் துணையோடு திருத்தவேலை தொடங்கியது. மூன்றாண்டில் 20க்கு மேற்பட்ட வீடுகள் செப்பனிடப்பட்டன. வேலையாட்கள் முதலில் கைவைத்தவற்றுள் அரசமனை இல்லை என்பதை நாம் கவனிக்கவேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த 'காமிசகாயா' என்னும் ஏழைகளின் விறகுக்காசுச் சத்திரம் 1969இல் பிரித்தெடுக்கப்பட்டு, பழைய வடிவிலேயே மீள நிறுத்தப்பட்டது. மண்தரையும் நடு அடுப்புமாக இன்றும் அது நிற்கின்றது. ஹொஞ்சின் மீண்டும் எழுந்தது 1995இல்தான்.

இதனினும் பெரிய காரியம் 1971இல் நடந்தது. வீட்டையும் நிலத்தையும் 'விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை, இடிப்பதில்லை' என்று ஊரவர் தம்மைத் தாமே கட்டுப்படுத்திக்கொண்டனர். மின்கம்பங்களை வீடுகளின் பின்புறத்துக்கு மாற்றினர்; பகலில் மோட்டார் வண்டிகளைத் தெருவினுள் விடாது நிறுத்தினர். 1976இல் அரசு அவ்வூரைப் பாதுகாக்கப்பட்ட இடமாகத் தெரிந்தபோது தெருவை மட்டுமன்றிச் சூழ்ந்த காட்டையும் வயலையும் சேர்த்து 1,200 ஹெக்டேயருக்கு மேல் எல்லை வகுத்தது. இதுவே சாலச் சிறந்த முடிவென்பது எமது எண்ணம். மலையின்றி அச்சத்திரங்களுக்குப் பொருளேது?

ஆதலின் அங்கு தங்கும் விருந்தாளி, ஊரவர் ஒருவரின் வீட்டிலேதான் தங்குகின்றார். பாய்விரித்த தரையிலே படுக்கை. கடதாசி ஒட்டிய நெகிழ்கதவு. ஆற்றுமீனும் காட்டுக்கீரையும் கொண்ட இராச்சாப்பாடு. மாலையில் பகற்கூட்டம் கலைந்தபின் தெரு ஊரவர்க்கும் தங்குவோர்க்கும் மட்டுமே உரியதாகும். மகோமேயிலிருந்து கணவாய் கடந்து ஐந்து மைல் பழைய வழியே நடந்துவந்தவர்க்கு அவ்வோய்வின் அருமை நன்கு விளங்கும்.

ஊரைக் காத்த அக்கட்டுப்பாட்டிலேயே ஓர் இடரும் உளது. மகன் தோக்கியோவிலோ நாகோயாவிலோ குடியேறிவிட்டால், பெற்றோர் மறைந்தபின் அவ்வீட்டை அயலார்க்கு விற்கவோ வாடகைக்கு விடவோ வழியில்லை. விதியைத் தளர்த்தினால் வணிகர் புகுவர். தளர்த்தாவிடின் கதவுகள் அடைபடும். இதனை அவ்வூர் இளைஞரே தீர்த்தல் வேண்டும்.

துணைமனையின் நடு அடுப்பிலே இன்றும் தீ மூட்டுகின்றனர். குளிர் காய்வதற்கு மட்டுமன்று. புகை ஏறிய உத்திரத்தைப் பூச்சி அரிப்பதில்லை.