வேலி போடாத ஊரின் வேலி

மின்வாரியத்தில் வேலை பார்த்தவர்களுக்கு மின்வேலி என்றாலே வயிற்றைப் பிசையும். காட்டுப்பன்றிக்கு என்று சொல்லி வயலைச் சுற்றிக் கட்டுக்கம்பி இழுப்பார்கள். இருட்டியதும் கொக்கி போட்டு 230 வோல்ட்டை அப்படியே அதில் விடுவார்கள். விடிந்து போய்ப் பார்த்தால் யானை கிடக்கும், அல்லது தண்ணீர் பாய்ச்சப் போன ஆள் கிடப்பார். அந்த மாதிரி இடங்களுக்கு மகஜர் எழுதப் போய் நின்றவன் நான். அதனால்தான் ஓய்வு பெற்று பென்சில்வேனியாவில் மகள் வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரர் தன் நாய்க்கு மின்வேலி போட்டிருப்பதாகச் சொன்னதும், எத்தனை வோல்ட் என்றுதான் முதலில் கேட்டேன்.

அவர் கார் கொட்டகைக்கு அழைத்துப் போய்ச் சுவரில் மாட்டியிருந்த சின்னப் பெட்டியைக் காட்டினார். அதிலிருந்து புறப்படும் மெல்லிய கம்பி, மண்ணுக்குள் சில அங்குல ஆழத்தில் வீட்டையும் புல்தரையையும் சுற்றி வந்து அதே பெட்டியில் முடிகிறது. அதில் ஓடுவது தாழ்ந்த அதிர்வெண் கொண்ட ரேடியோ சமிக்ஞை. கையால் தொட்டாலும் ஒன்றும் செய்யாது. பெட்டியிலிருந்து எல்லை வரை போகும் இரண்டு கம்பிகளை மட்டும் ஒன்றோடொன்று முறுக்கிவிடுகிறார்கள். எதிரெதிர்த் திசையில் ஓடும் சமிக்ஞைகள் ஒன்றையொன்று அழித்துவிடுவதால், அந்த இடத்தை நாய் தயங்காமல் கடக்கலாம். வேலை தெரிந்த ஆள் செய்தது என்று பார்த்தவுடன் புரிந்தது.

அதிர்ச்சி வருவது நாயின் கழுத்துப் பட்டையிலிருந்து. பட்டைக்குள் ஒரு ஏற்பி, ஒரு பேட்டரி, தோலைத் தொடும் இரண்டு உலோக முனைகள். எல்லையை நெருங்கினால் முதலில் பீப் சத்தம், அதையும் மீறி நடந்தால் அதிர்ச்சி. மாட்டுக்குப் போடும் மின்வேலி அப்படியல்ல. நியூசிலாந்தில் பில் காலகர் என்பவர் 1930-களில் செய்து பரப்பிய வேலியில் கம்பி கண்ணுக்குத் தெரியும். மாடு ஒருமுறை தொட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இங்கே வேலியையே விலங்கின் உடம்பில் மாட்டிவிட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்தவர் ரிச்சர்ட் பெக், ஊர் ஊராகப் போய்ச் சரக்கு விற்றவர். போகிற வழியெல்லாம் காரில் அடிபட்டுச் செத்துக் கிடந்த நாய்களைப் பார்த்து மனம் பொறுக்காமல் இதில் இறங்கினார் என்பதுதான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் கதை. அதைச் சந்தேகிக்க எனக்குக் காரணம் எதுவும் இல்லை. 1973-இல் காப்புரிமை பெற்று, ‘ஸ்டே-புட் சேல்ஸ்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கினார். ஜான் பர்டெல் என்ற பொறியாளர் அதைக் கடையில் வைத்து விற்கும் பொருளாக ஆக்க உதவினார். அந்த நிறுவனம்தான் பிறகு ‘இன்விசிபிள் ஃபென்ஸ்’ ஆனது.

ஆனால் நாய் ரோட்டுக்குப் போகக் கூடாதென்றால் நாலு முளை அடித்து மரச்சட்டம் வைத்தால் போதுமே? அதை ஏன் செய்யவில்லை என்ற கேள்வி என்னை விடவில்லை. அதற்கு விடை தேட நூறு ஆண்டு பின்னால் போகவேண்டியிருக்கிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஆண்ட்ரூ ஜாக்சன் டவுனிங் என்ற தோட்டக்கலை எழுத்தாளர் வேலி என்றாலே அருவருப்பு என்று எழுதிவந்தார். 1870-இல் புறநகர் வீட்டு மனைகளைப் பற்றிப் புத்தகம் போட்ட ஃபிராங்க் ஸ்காட் இன்னும் ஒரு படி மேலே போனார். தன் தோட்டத்தின் அழகை அடுத்தவர் பார்க்கவிடாமல் மறைப்பது கிறிஸ்தவப் பண்புக்கே விரோதம் என்றார். சிகாகோ அருகே ரிவர்சைடு என்ற புறநகரை ஆம்ஸ்டெட் என்ற நிலவடிவமைப்பாளர் அமைத்தபோது, வீடுகளைத் தெருவிலிருந்து 30 அடி தள்ளிக் கட்டவைத்தார். வீட்டுக்கு வீடு சுவர் இல்லாமல், தெரு முழுக்க ஒரே பூங்காவாகத் தெரிய வேண்டும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். மாலையில் இந்தத் தெருக்களில் நடக்கும்போது அந்தப் பசுமை எனக்கும் பிடித்தே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்த அழகுணர்ச்சி ஒப்பந்த நிபந்தனையாக மாறியது. நாங்கள் இருக்கும் பக்ஸ் கவுண்டியிலேயே 1952-இல் லெவிட்டவுன் என்ற புறநகர் எழுந்தது. சில ஆண்டுகளுக்குள் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். புல்லை நேரத்துக்கு வெட்ட வேண்டும், வேலி போடக் கூடாது என்று விதி. வேலியே இல்லாத அந்த ஊரில் கறுப்பர்களுக்கு வீடு விற்க மாட்டோம் என்பதும் நடைமுறையாக இருந்தது. 1957 ஆகஸ்டில் வில்லியம், டெய்சி மையர்ஸ் தம்பதி அங்கே ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியபோது கூட்டம் திரண்டு கல்லெறிந்தது, மாநிலப் போலீஸ் வரவேண்டியதாயிற்று. நாயைப் பற்றி எழுதும்போது இதைத் தாண்டிப் போக எனக்கு மனம் வரவில்லை. அந்தத் திறந்த புல்வெளிகள் யாருக்காகத் திறந்திருந்தன என்பதும் இந்த வரலாற்றில் சேர்ந்ததுதான்.

லெவிட்டவுன் பாணி நாடெங்கும் பரவியது. வீட்டுக்காரர் சங்கங்கள் அதன் விதிகளைத் தங்கள் விதிகளாக எடுத்துக்கொண்டன. வீட்டுக்கு ஒரு கார், பிறகு இரண்டு கார். நாய்களைத் தெருவில் திரியவிடக் கூடாது என்று உள்ளூராட்சிகள் சட்டம் போட்டன. ஆக, நாயை வெளியே விட முடியாது, வேலியும் வைக்க முடியாது. பெக்கின் கம்பி நுழைந்தது இந்த இடுக்கில்தான். புல்வெளியின் அழகுக்குப் பங்கம் வரவில்லை. அதற்கான விலை நாயின் கழுத்துக்குப் போயிற்று.

1990-இல் காப்புரிமைக் காலம் முடிந்ததும் போட்டியாளர்கள் வந்தார்கள். 1991-இல் டென்னசியில் தொடங்கிய ‘ரேடியோ சிஸ்டம்ஸ்’ விலை மலிந்த பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டுவந்தது. 2006-இல் அது இன்விசிபிள் ஃபென்ஸையே வாங்கிவிட்டது. பூனைக்குச் சின்னப் பட்டையும் வந்தது.

விலங்குகளுக்கு இது என்ன செய்கிறது என்பதில் ஆராய்ந்தவர்களே ஒரு பக்கமாக இல்லை. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் ஓராண்டுக்கு மேல் இந்த எல்லைக்குள் வாழ்ந்த 23 பூனைகளையும், எல்லை இல்லாத 23 பூனைகளையும் ஒப்பிட்டு 2016-இல் முடிவை வெளியிட்டார்கள். நீண்டகாலக் கேடு எதுவும் தென்படவில்லை என்றார்கள். அதை நான் ஒதுக்கவில்லை. சாலையில் நசுங்குவதைவிட ஒரு சுருக்கென்ற வலி மேல் என்று பூனை வளர்ப்பவர்கள் சொன்னால் அவர்களோடு சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் 2000-இல் ரிச்சர்ட் போல்ஸ்கி எழுதிய கட்டுரையில், இத்தகைய எல்லையருகே நாய்கள் மனிதர்களைத் தாக்கிய ஐந்து சம்பவங்கள் இருக்கின்றன. தெருவில் போகிறவரைப் பார்த்து ஆவலாக ஓடிவரும் நாய்க்கு அந்த நொடியில் கழுத்தில் அடி விழுகிறது. அடித்தது யார் என்று அது நினைக்கும்? எதிரே நிற்பவரைத்தானே.

2010-இல் வேல்ஸ் நாய், பூனை இரண்டுக்கும் மின்னதிர்ச்சிப் பட்டையைத் தடைசெய்தது. எல்லைக்கம்பியோடு இயங்கும் பட்டையும் அதில் அடக்கம். விற்பனையாளர் தரப்பு நீதிமன்றம் போயும் தடை நின்றது. இங்கிலாந்து 2023-இல் கொண்டுவந்த வரைவோ, கையால் பொத்தானை அழுத்தி இயக்கும் பட்டையை மட்டும் குறிவைத்து, எல்லைக்கம்பியை விட்டுவிட்டது.

பக்கத்து வீட்டு நாய் சாதுவானது. கம்பி புதைத்த புதிதில் எல்லை நெடுக வெள்ளைக் கொடிகளை நட்டு, கயிற்றில் பிடித்து நடத்தி, பீப் கேட்டதும் திரும்பப் பழக்கினார்கள். இப்போது கொடிகள் இல்லை, ஆனாலும் அதே கோட்டில் நின்றுவிடும். ஒருநாள் மான் ஒன்றைத் துரத்திக்கொண்டு அடியையும் பொருட்படுத்தாமல் எல்லை தாண்டி ஓடியது. திரும்பி வர அதற்குத் துணிவு வரவில்லை. உள்ளே வரவும் அதே அடி வாங்க வேண்டுமே! வீட்டுக்காரர் வந்து பட்டையைக் கழற்றி, தூக்கிக்கொண்டு போனார். வெளியிலிருந்து வரும் ஓநாய் இனத்துக் கயோட்டியைத் தடுக்க அந்தக் கம்பியால் முடியாது. அதன் கழுத்தில் பட்டை இல்லை.

பேத்தி நாய் கேட்கிறாள். எங்கள் சங்கம் முன்பக்கத்தில் எந்த வேலியையும் அனுமதிப்பதில்லை. பின்பக்கத்துக்கு மனுப் போடலாம் என்று விதிப் புத்தகத்தில் இருக்கிறது. மகள் பெயரில் நானே எழுதி, அளவெடுத்து, படமும் வரைந்து இணைத்திருக்கிறேன்: நான்கடி உயரம், மரச்சட்டம், தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. அனுமதி வந்த பிறகுதான் நாய் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.