மூன்று வாசல் ஏறிய தோட்டப் பள்ளி

ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாகக் கழிப்பறை கட்ட வேண்டும் என்றால் யாரிடம் கேட்பது? கேள்வி எளிதாகத்தான் தோன்றும். ஆனால் மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் புரட்டினால் விடை பிரிந்து கிடக்கும். கல்வி மத்திய அரசின் பொறுப்பு. நிலம் மாநில அரசின் கையில். கட்டட வரைபடம் போய்ச் சேருவது நகராண்மைக் கழகத்திற்கோ மாவட்ட மன்றத்திற்கோ. பள்ளி நிற்கும் மண் தோட்ட நிறுவனத்தின் சொத்து என்றால் நான்காவதாக ஒரு கதவையும் தட்ட வேண்டும்.

இந்தச் சிக்கலின் வேர் ரப்பர் காலத்தில் இருக்கிறது. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கும் தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி வசதி செய்து தர வேண்டும் என்று விதித்தது. சட்டத்தை நிறைவேற்றப் பல தோட்டங்களுக்கு ஒரு லயத்தின் மூலையோ கோயில் கொட்டகையோ போதுமானதாக இருந்தது. கங்காணியோ கிராணியோ வேலை நேரம் போக வாத்தியாராகவும் இருந்தார். பிள்ளைகள் படித்து முன்னேற வேண்டும் என்ற கரிசனத்தைவிட, தொழிலாளர் குடும்பத்தோடு தோட்டத்திலேயே தங்க வேண்டும் என்ற கணக்கே இதில் மேலோங்கி நின்றது எனலாம்.

தண்ணீர்க் குழாய், மருந்துக்கடை, ஆயாக் கொட்டகை, கள்ளுக்கடை என எல்லாமே தோட்டத் துரையின் ஆளுகைக்குள் அடங்கியிருந்தன. தோட்டம் தனியார் நிலம். ஊராட்சியின் குப்பை வண்டியும் தெரு விளக்கும் தோட்டத்து வாசலோடு நின்றுவிடும். வெளியே நகரம் வளர்ந்தபோது உள்ளே இருந்தவர்கள் ஊராட்சியின் கணக்கில் வராத குடிமக்களாக இருந்தார்கள்.

அவசரகாலத்தில் புதுக்கிராமங்கள் உருவானபோது இந்த வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரிந்தது. 1952-ஆம் ஆண்டு உள்ளூர் மன்றச் சட்டத்தின் கீழ், அந்தக் கிராமங்களில் குடியமர்ந்தவர்கள் தங்கள் மன்றத்தைத் தேர்ந்தெடுக்கவும், வரி வசூலித்துச் சாலை, கால்வாய் வேலைகளைச் செய்யவும் வழி பிறந்தது. அதே காலத்தில் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் பாதுகாப்புக்காக வேலிக்குள் ஒருங்கு சேர்க்கப்பட்டன. அங்கே வேலி வந்தது, மன்றம் வரவில்லை.

நகரங்களின் கதை வேறு. ஜார்ஜ்டவுனில் 1951 டிசம்பர் 1-ஆம் தேதி நகராண்மைத் தேர்தல் நடந்தது. நாடு சுதந்திரம் அடைவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே மக்கள் வாக்குச் சீட்டைக் கையில் பிடித்துவிட்டார்கள். 1957 ஜனவரி முதல் நாள் அது மாநகரமானது. முதல் மேயராக வந்தவர் தொழிற்கட்சியைச் சேர்ந்த டி.எஸ். இராமநாதன், ஒரு தமிழர். மின்சாரம், குடிநீர், பேருந்து எல்லாவற்றையும் அந்த மாநகர் மன்றமே நடத்தியது. பினாங்கில் அவர் பெயரில் இன்றும் ஒரு சாலை இருக்கிறது. அதில் தினமும் போய் வருகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியுமோ!

பள்ளிகளையும் இப்படி வட்டார அளவில் நிர்வகிக்கலாம் என்ற யோசனை ஒரு காலத்தில் இருந்தது. 1956-ஆம் ஆண்டு ரசாக் அறிக்கை தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி முறைக்குள் ஏற்றுக்கொண்டதை நாடறியும். அதே அறிக்கை வட்டாரக் கல்வி அதிகாரசபைகளைப் பற்றியும் பேசியதைப் பலர் கவனிப்பதில்லை. அந்த எண்ணம் வேர் பிடிக்கவில்லை. 1961-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்திற்குப் பிறகு அதிகாரம் மத்தியில் குவிந்தது. ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்திடமிருந்து வந்தது பெரிய நிம்மதிதான். ஆனால் தனியார் நிலத்தில் இருந்த பள்ளிகள் ‘பகுதி உதவி’ என்ற வகையில் நின்றன. அவற்றின் கட்டடத்தையும் பராமரிப்பையும் பெரும்பாலும் பள்ளி வாரியமே பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. பால் மரம் வெட்டுபவரின் பத்து வெள்ளியும் ஐந்து வெள்ளியும் சேர்ந்துதான் பல பள்ளிகளின் கூரை ஒழுகாமல் இருந்தது.

இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965 மார்ச்சில் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. தற்காலிகம் என்றுதான் சொன்னார்கள். அதே ஆண்டு, ஊராட்சி மன்றங்களை ஆராய அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையத்திற்குத் தலைமை ஏற்றவர் மலேசிய இந்தியர் காங்கிரசைச் சேர்ந்த வழக்கறிஞர், செனட்டர் ஆதி நாகப்பன். ஆளும் கூட்டணியைச் சேர்ந்தவர்தானே, தேர்தல் வேண்டாம் என்று எழுதிவிடுவார் என எதிர்பார்த்தவர்கள் இருந்திருக்கலாம். 1968 இறுதியில் முடிந்த அந்த அறிக்கை, ஊராட்சித் தேர்தல்கள் தொடர வேண்டும் என்றே பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை.

ஆதி நாகப்பன் 1976-இல் மறைந்தார். அதே ஆண்டு வந்த ஊராட்சிச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, தேர்தல் விதிகள் அனைத்தும் செல்லாது என்றாக்கியது. உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கும் முறை வந்தது.

அந்த ஆண்டு பிறந்த இன்னொரு சட்டம் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். தோட்டத்தை அழித்து வீடமைப்புப் பகுதி எழுப்பும் மேம்பாட்டாளர், திட்ட அனுமதிக்கு விண்ணப்பிக்கையில் சாலை, திடல், பள்ளி ஆகியவற்றுக்கு இடம் காட்ட வேண்டிய நடைமுறை வலுப்பெற்றது. வரைபடத்தில் ‘பள்ளி’ என்று ஒதுக்கிய நிலத்தில் எந்தப் பள்ளி எழும் என்பதை முடிவு செய்வது கல்வி அமைச்சு. தோட்டங்கள் வேகமாக மறைந்தபோது இது உயிர்நாடிப் பிரச்சினையானது. பிராங் பெசார் தோட்டம் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. 1957-இல் 888 என்று கணக்கிடப்பட்ட தமிழ்ப்பள்ளிகள், இப்போது ஏறக்குறைய 530. இழந்தவற்றில் சில இணைக்கப்பட்டன, சில பிள்ளைகள் இன்றி மூடின. தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் நகர்ந்த இடத்தில், அவர்களுக்காக வரைபடத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க வாக்கால் வந்த உறுப்பினர் எவரும் இல்லை.

2008-க்குப் பிறகு பினாங்கு, சிலாங்கூர் மாநில அரசுகள் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் மானியம் ஒதுக்கத் தொடங்கின. கல்வி மாநிலத்தின் வேலை அல்ல என்று சட்டம் சொன்னாலும், கழிப்பறையும் வேலியும் காத்திருக்க முடியாது அல்லவா! பினாங்கு இன்னும் ஒரு படி மேலே போய், 2012-இல் ஊராட்சித் தேர்தலுக்கான மாநிலச் சட்டத்தையே இயற்றியது. அதற்கான அதிகாரம் மாநிலத்திற்கு இல்லை என்று 2014 ஆகஸ்டில் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.