ஏடும் கல்வெட்டும் நிலப் பதிவேடும்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்து நம் பிள்ளைகள் பலரும் திருப்பாணாழ்வார் கதையைக் கேட்டு வளர்ந்தவர்களே. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர். தீண்டாமை கருதித் திருவரங்கத் தீவில் கால் வையாது காவிரியின் தென்கரையில் நின்று பாடியவர். நீர் எடுக்க வந்த லோகசாரங்க முனிவர் எறிந்த கல்லால் குருதி சிந்தியவர். பின்னர் அம்முனிவரின் தோளிலேயே ஏறிக் கோயிலுக்குள் சென்றவர் என்பது கதை. இதனை மேடையில் சொல்லுங்கால் நாம் பெருமிதம் கொள்கிறோம், அதில் தவறில்லை. ஆயினும் உயர்நிலைப்பள்ளி மாணவர்க்கு வரலாற்றுப் பயிற்சி தரும்போது, இக்கதையையே முதற்பாடமாக வைத்து, இது நமக்கு எங்கிருந்து வந்தது என்று தேடச் செய்தல் வேண்டும்.

அவர் பாடியனவாக நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தில் உள்ளவை 10 பாடல்களே. 'அமலனாதிபிரான்' என வழங்கும் அப்பதிகம் அரங்கனின் திருமேனி அழகை அடிமுதல் வியந்து பாடுகிறது. பாடியவரின் குலம், எறிந்த கல், சுமந்த தோள் ஆகியவை பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவற்றைச் சொல்வன பிற்காலத்தில் எழுந்த குருபரம்பரை நூல்கள். நூலகத்தில் இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவர் இதனைத் தாமே காண்பர்.

அத்துடன் நில்லாமல் மேலும் கேட்க வேண்டும். அவர் பாணர் வயிற்றில் பிறந்தவரல்லர், நெற்பயிரிடையே கண்டெடுக்கப்பட்டு அவர்களால் வளர்க்கப்பட்டவரே என்றும் ஒரு வழக்கு உண்டு. இச்செய்தி யாருக்குத் தேவைப்பட்டது? தாழ்த்தப்பட்ட குடியில் ஆழ்வார் பிறந்தார் என ஒப்ப மனமில்லாதவர்க்கு என்பது நம் ஊகம். ஊகத்தை ஊகம் என்றே சொல்லவும் மாணவர் பழக வேண்டும். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதார் பற்றிய நூலின் முன்னுரையில், நேர்ச்சான்று கிடையாத இடங்களில் தாம் ஊகத்தைக் கைக்கொண்டதை அண்ணல் அம்பேத்கர் மறைக்கவில்லை. அதற்குக் காரணமும் கூறினார்.

அப்படியாயின் கல்லெறிந்த கதை பயனற்றதோ? அன்று. ஆழ்வார் காலத்து நிகழ்ச்சிக்கு அது போதிய சான்றாகாவிடினும், எழுதியவரின் காலத்துக்குச் சான்றாகிறது. ஒரு குடியினர் கோயிலை அணுகாது அக்கரையில் நிற்பது அவர்க்கு விளக்கம் வேண்டாத வழக்கமாய்த் தோன்றியிருக்கிறது.

கல்வெட்டு வேறு வகைச் சாட்சி. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், ஊர்களின் வரி நீங்கிய நிலங்களைக் கணக்கிடுகையில் குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரியையும் தீண்டாச்சேரியையும் குறிக்கின்றன. நம்மைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று எவரும் அதனை வெட்டவில்லை, வரிக்கணக்குக்காகவே வெட்டினர். அதனாலேயே அச்சொல்லுக்கு எடை மிகுதி. திருவரங்கத்துக் கல்வெட்டுகள் 600க்கும் மேற்பட்டவை 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' 24ஆம் தொகுதியாக 1982இல் அச்சேறியுள்ளன. அதனைப் புரட்டிப் பார்த்த நம் இளைஞர் எத்தனை பேர்?

இப்பயிற்சி பழங்கதைக்கு மட்டும் உரியதன்று. செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891இல் அளித்த அறிக்கையை அடுத்து, 1892இல் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு நிலம் வழங்கச் சென்னை அரசு ஆணையிட்டது. பஞ்சமி நிலம் என நாம் கூறுவது அதுவே. 12 லட்சம் ஏக்கர் என்ற எண் மேடைதோறும் ஒலிக்கிறது. அது எந்த ஆவணத்தில் உள்ளது, எந்த ஊர்க் கணக்குகளைக் கூட்டியது என்று நம் மாணவர் நம்மையே கேட்கட்டும். நமக்குச் சாதகமான எண் என்பதற்காக அதனை விட்டுவிடலாகாது.

வட்டாட்சியர் முன் மனுவோடு நிற்பவரிடம் மொத்த ஏக்கரை எவரும் கேட்பதில்லை. புல எண்ணைத்தான் கேட்பர். இன்றைய பட்டா, சிட்டா, 'அ' பதிவேட்டு விவரங்களைக் கைப்பேசியிலேயே பார்க்கலாம். ஆனால் 1979இல் தொடங்கிய நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டில் அந்நிலம் யார் பெயரில், என்ன நிபந்தனையுடன் இருந்தது என்பதை அதில் காண இயலாது. பழைய பதிவேட்டின் நகலைக் கேட்டுப் பெற வேண்டும். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. இரண்டு பதிவேடுகளையும் அருகருகே வைத்து, பெயர் எந்த ஆண்டில், எந்த ஆணையால் மாறியது என்று வரிவரியாகப் பார்க்க ஒரு பத்தாம் வகுப்பு மாணவியால் முடியும்.