பெரியார் வாக்கும் பெரிய எண்ணும்

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணே முதன்மை எண். மூன்று இரண்டுகளைப் பெருக்கின் 8. ஒன்று கழிய 7, முதன்மை எண். இவ்வாறு 257 இரண்டுகள் வரை பெருக்கி ஒன்றைக் கழித்தால், எவ்வெவ்விடத்து முதன்மை எண் தோன்றும் எனப் பிரான்சு தேசத்துத் துறவி மேர்சென் 1644இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். 67, 127 என்பனவும் அதிலிருந்தன. அவ்விரண்டையும் சோதிக்க வல்லார் இருநூறாண்டுகளுக்கு மேலாக எவருமிலர்.

1876இல் அந்நாட்டவரான எடுவார்ட் லூக்காஸ், காரணிகளைத் தேடாமலே சோதிக்கும் நெறியொன்றைக் கண்டார். 127 தேறியது, 39 இலக்கங்கொண்ட அவ்வெண்ணே 1951 வரை அறியப்பட்ட மிகப் பெரிய முதன்மை எண்ணாக விளங்கிற்று. 67 தவறியது. ஆயினும் அதன் காரணிகள் புலப்படவில்லை. அவை 193707721, 761838257287 என 1903இல் அமெரிக்கரான கோல் காட்டினார். மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அதற்கே செலவிட்டாராம்!

பிழை கண்டமையால் மேர்செனின் புகழ் குன்றிற்றா? இல்லை. அவ்வின எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. 2024இல் கணினி கண்ட, 41,024,320 இலக்கங்கொண்ட முதன்மை எண்ணும் அவ்வினத்ததே. லூக்காஸின் வழிவந்த சோதனையாலேயே அதுவும் உறுதியாயிற்று.

இளைஞர்காள்! பெரியார் வாக்கைப் போற்றுதலும் அதனை ஆராய்ந்து தெளிதலும் தம்முள் முரணுவன அல்ல.